பழைய கணக்குப் புத்தகத்தில் அணாவை அடித்துவிடாதீர்கள்

பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் கோவை, திருப்பூர், ஈரோட்டுப் பெற்றோர் சிலரிடம் ஒரு பிடிஎஃப் கட்டு கைமாறிக்கொண்டிருக்கிறது. ஜோசப் ரே என்ற அமெரிக்கர் பெயரில் 1877-இல் வந்த கணக்குப் புத்தகங்கள். மனிதர் 1855-லேயே காலமாகிவிட்டார். 'புதிய' என்ற அடைமொழி போட்டுப் பின்னால் வந்த பதிப்புகள் இவை. காப்புரிமை தீர்ந்து இலவசமாகக் கிடைப்பதால் அமெரிக்க வீட்டுக்கல்விக் குடும்பங்கள் தூசு தட்டி எடுத்தன, நாமும் இறக்கிக்கொண்டோம்.

நல்ல புத்தகங்கள்தான். ஆனால் பழசு என்பதற்காகவே தலையில் தூக்கிவைத்து ஆடுவது ஒரு தப்பு. டாலரும், புஷல் என்ற தானிய அளவையும் வருகிறதே என்று அப்பாவோ அம்மாவோ ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொரு கணக்கையும் ரூபாய்க்கும் கிலோவுக்கும் மாற்றி எழுதிக்கொடுப்பது அதைவிடப் பெரிய தப்பு. பத்து வயது தாண்டிய பிள்ளைக்கு அந்த மாற்றும் வேலைதான் பாடமே. அதை நாம் செய்துகொடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது வெறும் பெருக்கல்.

முதலில் இந்தப் புத்தகங்களில் என்ன உசத்தி என்று பார்த்துவிடலாம். மனக்கணக்கு. ஆறு தேங்காய் 150 ரூபாய், பத்து என்ன விலை? பிள்ளை 250 என்று விடையை மட்டும் சொன்னால் பத்தாது. 'ஆறு 150, அப்போ ஒண்ணு 25, பத்து 250' என்று முழுவதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த ஒரே உறவை வைத்து வரிசையாகக் கணக்குகள், ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு சங்கதி மட்டும் மாறும். முதலில் எண் மாறும், அடுத்து பொருள், அப்புறம் பின்னம் உள்ளே வரும், அப்புறம் கேள்வியே தலைகீழாகும். இப்போதைய பாடநூல்களில் படம் அதிகம், இந்தப் படிக்கட்டு கம்மி. மூன்று எடுத்துக்காட்டு, பத்துக் கணக்கு, அடுத்த இயல். அந்தப் படிக்கட்டுக்காகத்தான் பழைய புத்தகம். தாளின் மஞ்சள் நிறத்துக்காக அல்ல.

ஆறிலிருந்து எட்டு வயது வரை பிள்ளையின் கையில் புத்தகமே வேண்டாம். நீங்கள் வாசியுங்கள், பிள்ளை புளியங்கொட்டையை வைத்துச் சொல்லட்டும். இந்த வயதில் மட்டும் 'சென்ட்' என்று அமெரிக்கக் காசு வருவதை 'ரூபாய்' என்று நீங்களே மாற்றிப் படித்துவிடலாம். ஒரு நாளைக்கு இருபது நிமிடம், பத்துப் பன்னிரண்டு கணக்கு, அதற்கு மேல் இழுத்தால் மறுநாள் பிள்ளை புத்தகத்தைக் கண்டாலே ஓடும். ஒன்பது வயதுக்கு மேல் வாய்க்கணக்கு ஐந்து, எழுத்துக்கணக்கு எட்டு போதும். பதின்மூன்றுக்கு மேல் ஹால், நைட் என்ற இருவர் 1885-இல் எழுதிய பள்ளி இயற்கணிதம் எடுக்கலாம். சில்வானஸ் தாம்ப்சன் 1910-இல் எழுதிய எளிய நுண்கணித நூலைப் புராஜெக்ட் குட்டன்பர்க் என்ற இலவச மின்னூல் தளத்தில் புதிதாக அச்சுக்கோத்தே வைத்திருக்கிறார்கள். பதினாறு வயதுக்கு அது அருமை.

ஆங்கிலத்திலேயே நிற்க வேண்டியதில்லை. இன்டர்நெட் ஆர்க்கைவிலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய தமிழ்க் கணக்குப் புத்தகங்கள் கிடக்கின்றன. தலைப்புப் பக்கம் கிழிந்துபோயிருந்தால் பணத்தைப் பார்த்து வயதைக் கண்டுபிடிக்கலாம். ரூ-அ-பை (ரூபாய், அணா, பை) என்று மூன்று கட்டம் இருந்தால் பெரும்பாலும் 1957-க்கு முந்தியது. 'நயா பைசா' இருந்தால் 1957 ஏப்ரல் 1-க்கும் 1964-க்கும் நடுவில். வெறும் பைசா என்றால் அதற்குப் பிந்தியது. பழைய சொற்களுக்கு ஒரு தாளில் பட்டியல் போட்டு ஒட்டிவையுங்கள்: பீஜ கணிதம் என்றால் இயற்கணிதம், க்ஷேத்திர கணிதம் என்றால் வடிவியல், திரிகோணமிதி என்றால் முக்கோணவியல், தசாம்சம் என்றால் தசமம். இந்த நாலு தெரியாமல்தான் பாதிப் பேர் முதல் பத்துப் பக்கத்திலேயே மூடிவைத்துவிடுகிறார்கள்.

இனி அணா. 12 பை ஓர் அணா, 16 அணா ஒரு ரூபாய். ரூ. 3-11-9 உடன் ரூ. 2-7-8 கூட்டுங்கள். பை 17, அதில் 12 போனால் மிச்சம் 5, ஓர் அணா ஏறுகிறது. அணா 19, அதில் 16 போனால் மிச்சம் 3, ஒரு ரூபாய் ஏறுகிறது. விடை ரூ. 6-3-5. 'இது இன்னைக்கு எதுக்கு உதவும்?' என்று கேட்பார்கள். கடையில் உதவாது. ஆனால் பத்து வந்தால் ஒன்றைப் பக்கத்தில் ஏற்று என்று மனப்பாடமாகச் செய்துகொண்டிருந்த பிள்ளைக்கு, அந்தப் பத்து நாம் வைத்துக்கொண்ட ஏற்பாடு, பன்னிரண்டிலும் ஏற்றலாம், பதினாறிலும் ஏற்றலாம் என்பது இங்கேதான் உறைக்கும். இடமதிப்பு என்பதை இதைவிடச் சுருக்கமாகப் புரியவைக்கும் வழி எனக்குத் தெரியவில்லை. கணினியின் பதினாறடிமான எண்ணுக்கு வரும்போது பிள்ளை திருதிருவென்று முழிக்காது.

அடுத்த நாள் அதே அணாவைப் பைசாவாக்கச் சொல்லுங்கள். நாலணா 25 பைசா, சரி. ஓர் அணா? 6.25. கால் பைசாவுக்குக் காசு கிடையாது, ஆகவே 6 என்று வைத்தால் ஓர் அணாப் பொருளைப் பதினாறு தடவை விற்ற கடைக்காரருக்கு எவ்வளவு போகும்? 4 பைசா. முழுதாக்கலில் வரும் பிழை எப்படிச் சேர்ந்துகொண்டே போகும் என்ற பாடம் அந்த 4 பைசாவில் இருக்கிறது. பெற்றோர் அணாவை அடித்துவிட்டு ரூபாய் என்று எழுதிக்கொடுத்திருந்தால் இரண்டு நாள் பாடமும் போயிருக்கும்.

அதோடு பதினாறில் ஒன்றைப் பழைய தமிழ் வாய்ப்பாட்டு நூலான எண்சுவடி வீசம் என்கிறது, மாகாணி என்றும் சொல்கிறது. அரைக்கால் எட்டில் ஒன்று, மா இருபதில் ஒன்று, காணி எண்பதில் ஒன்று, முந்திரி 320-இல் ஒன்று. பகுதி வேறுபட்ட பின்னங்களைக் கூட்டுவதற்கு இவை தயார்ச் சரக்கு: ஒரு மாவும் ஒரு காணியும் சேர்ந்தால் எண்பதில் ஐந்து, அதாவது ஒரு வீசம். எண்சுவடி முழுவதையும் மனப்பாடம் செய்யவைக்க வேண்டாம். அது திண்ணைப் பள்ளிக்கூடத்தின் தேவை, உங்கள் பிள்ளையின் தேவை அல்ல.

கொங்குப் பக்கத்தில் நமக்கு ஒரு வசதி உண்டு. பழைய புத்தகத்து அளவைகள் இங்கே இன்னும் சாகவில்லை. பவுண்டும் கஜமும் எதற்கு என்று கேட்கும் பிள்ளையைத் திருப்பூர் நூல் கடைக்குக் கூட்டிப்போங்கள். 840 கஜம் ஒரு சிட்டம், ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டமோ அதுதான் நூலின் நம்பர். 40-ஆம் நம்பர் நூல் ஒரு பவுண்டில் 40 × 840 = 33,600 கஜம். கிலோவுக்கும் மீட்டருக்கும் மாற்றினால் ஒரு கிலோவில் ஏறக்குறைய 67.7 கிலோமீட்டர் நூல், திருப்பூரிலிருந்து கோவைக்கு இழுத்தாலும் மிச்சம் இருக்கும். நம்பர் கூடக்கூட நூல் மெலியும் என்பதில் பிள்ளைகள் தவறாமல் சறுக்குவார்கள். சறுக்கட்டும், தலைகீழ் விகிதம் அங்கேதான் விளங்கும். போர்வெல் இன்றைக்கும் அடிக்கணக்கு. பட்டன் இன்றைக்கும் குரோஸ் கணக்கு, 12 டஜன், 144.

நிலமும் அப்படித்தான். ஓர் ஏக்கர் 100 சென்ட், 43,560 சதுர அடி. 25 அடிக்கு ஒரு தென்னை என்றால் மரத்துக்கு 625 சதுர அடி, வகுத்தால் 69.7. பொள்ளாச்சித் தோட்டக்காரர்கள் ஏக்கருக்கு 70 மரம் என்பது இதுதான். இப்போது பிள்ளையிடம் வரப்போரம் விட வேண்டிய இடத்தையும் சேர்த்துப் படம் போடச் சொல்லுங்கள். நீளவாக்கில் ஓடும் காட்டுக்கும் சதுரக் காட்டுக்கும் விடை வேறாக வரும்.

பின்னத்துக்குக் கிணற்றுப் பங்கைவிட நல்ல கணக்கு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. மூன்று அண்ணன் தம்பிகளுக்கு ஒரு கிணறு. ஒருவர் பங்கு அவருடைய இரண்டு மகன்களுக்குப் பிரிகிறது, அதில் ஒருவர் தன் பங்கில் பாதியை விற்கிறார். ஆக மூன்றில் ஒன்று இரண்டு, ஆறில் ஒன்று ஒன்று, பன்னிரண்டில் ஒன்று இரண்டு. கூட்டினால் ஒன்று வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் முறை ஆறு நாளுக்கு ஒரு சுற்று என்றால் 144 மணி நேரம். முறையே 48, 48, 24, 12, 12. மும்முனை மின்சாரம் பகலில்தான் வருகிறது என்றால் ராத்திரி 12 மணி நேரம் கிடைத்தவர் கதி என்ன? முறையை எப்படிச் சுற்றிவிட்டால் எல்லோருக்கும் நியாயம்? 'போய் அப்புச்சிகிட்டக் கேளு கண்ணு' என்று அனுப்பிவிடுங்கள். அந்தத் தாத்தா சொல்லும் வள்ளக் கணக்கையும், அதாவது தானியம் அளக்கும் பழைய கணக்கையும், எழுதிக்கொண்டு வரட்டும். வள்ளம் ஊருக்கு ஊர் மாறும், அளந்து பார்க்க அதுவே ஒரு சாக்கு.

எங்கே சறுக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். அமெரிக்கப் புத்தகத்தில் ஹண்ட்ரட்வெயிட் என்றால் பெரும்பாலும் 100 பவுண்டு, பிரிட்டிஷ் புத்தகத்தில் 112. கேலன் அங்கே 3.785 லிட்டர், இங்கிலாந்தில் 4.546. பில்லியன் அமெரிக்கருக்கு நூறு கோடி, பழைய பிரிட்டிஷ்காரருக்கு லட்சம் கோடி. இரண்டு நாட்டுப் புத்தகங்களையும் கலந்து வைத்துக்கொண்டால் பிள்ளையின் விடை சரியாக இருந்தும் தப்பு என்று அடித்துவிடுவீர்கள். நம்மூர் மணங்கு என்ற பழைய எடை அளவிலும் இதே கண்ணி உண்டு. வடக்கிலும் சென்னை மாகாணத்திலும் 40 சேர் ஒரு மணங்குதான், ஆனால் அங்கே சேர் 80 தோலா, இங்கே 24 தோலா. ஆக வடக்கு மணங்கு 37.3 கிலோ, நம்முடையது 11.2 கிலோ. அளவை வாய்ப்பாடு எல்லாப் பழைய புத்தகத்திலும் முன்னாலோ பின்னாலோ இருக்கும், முதலில் அந்தப் பக்கத்தை அச்செடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

குறியீட்டிலும் கவனம். பழைய பிரிட்டிஷ் அச்சில் தசமப் புள்ளி வரியின் நடு உயரத்தில் இருக்கும். கீழே இருக்கும் புள்ளி பெருக்கல். நாம் பழகியதற்கு நேர் எதிர். ஸ்கேனில் விழுந்த பூச்சிக்கறை ஒன்று தசமப் புள்ளியாகி விடையைப் பத்து மடங்கு மாற்றிவிடும். தொடர்பெருக்கத்துக்கு (1 × 2 × 3 என்று ஓர் எண் வரை பெருக்கிக்கொண்டே போவது) இன்றைய ஆச்சரியக்குறி இருக்காது, எண்ணுக்கு இடப்பக்கமும் அடியிலும் ஒரு கோடு இருக்கும். சில பழைய நூல்கள் 1-ஐப் பகா எண் என்றே சொல்லும். அந்த வரியை மட்டும் தயங்காமல் அடித்துவிடுங்கள். பெருக்கலைச் சரிபார்க்க, இலக்கங்களைக் கூட்டி ஒன்பது ஒன்பதாகக் கழித்து மிச்சத்தை ஒப்பிடும் 'ஒன்பதைத் தள்ளும்' முறை சொல்லியிருப்பார்கள். அழகான முறை, ஆனால் 63 என்பதை 36 என்று மாற்றி எழுதினால் அது காட்டிக்கொடுக்காது. ஏன் என்று கண்டுபிடிப்பதும் பிள்ளையின் வேலை.

இரண்டு ஆண் அல்லது மூன்று பெண் ஒரு வேலையைச் செய்வதாக வரும் கணக்குகளை நான் அப்படியே கொடுக்கமாட்டேன். 5 எச்பி மோட்டார், 7.5 எச்பி மோட்டார் என்று மாற்றினால் கணக்கும் கெடாது, காடு மேடெல்லாம் களை எடுப்பது யார் என்று பிள்ளை திருப்பிக் கேட்டுத் திணறவும் வேண்டாம்.

அச்செடுப்பது. முழுப் புத்தகத்தையும் எடுத்து ஸ்பைரல் போடாதீர்கள், பாதி சும்மா கிடக்கும். பதினாறு பதினாறு பக்கமாக எடுங்கள். ஏ4 தாளின் ஒரு முகத்தில் இரண்டு பக்கம், இரு முகமும் அச்சடித்தால் 16 பக்கத்துக்கு 4 தாள். மஞ்சள் பின்னணியைக் கறுப்பு வெள்ளையாக்கி, ஓரத்துச் சாம்பல் பட்டையை வெட்டிவிட்டு எடுங்கள், இல்லையென்றால் எழுத்து மங்கி டோனர்தான் தீரும். அதற்கு முன் பக்க எண்கள் தொடர்ச்சியாக இருக்கின்றனவா என்று புரட்டிவிடுங்கள். ஸ்கேன்களில் பக்கம் விட்டுப்போவது சகஜம். ஸ்கேன் படத்திலிருந்து எழுத்துணரி மென்பொருள் எடுத்த உரைக்கோப்பைக் கணக்குக்கு நம்பவே கூடாது. அரை என்பது வேறு ஏதோ எண்ணாகியிருக்கும், ஒன்று எல் ஆகியிருக்கும். விடைப் பக்கத்தைத் தனியாக எடுத்துவையுங்கள். அதிலும் அச்சுப்பிழை உண்டு. பிள்ளையும் புத்தகமும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளாக நீங்கள் போட்டுப் பார்க்க வேண்டும்.

இலவசம் என்பதிலும் ஒரு நுணுக்கம். இந்தியச் சட்டப்படி காப்புரிமை ஆசிரியர் இறந்து 60 ஆண்டு, அரசு வெளியீடு என்றால் வெளிவந்து 60 ஆண்டு. 1970-இல் தொடங்கிய தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனத்தின் நூல்கள் இணையத்தில் கிடைத்தாலும் அந்தக் கெடு இன்னும் தீரவில்லை. வீட்டுக்குப் படியுங்கள், கட்டுப் போட்டு விற்காதீர்கள்.

கடைசியாக, இந்தப் புத்தகங்களில் இல்லாதவை. கணங்கள், நிகழ்தகவு, புள்ளியியல் வரைபடங்கள் ஏறக்குறையக் கிடையாது. ஆய வடிவியலைத் தனிப் புத்தகத்தில் தேட வேண்டும். தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்புக் கணக்கு கண மொழியில்தான் தொடங்குகிறது, பத்தாம் வகுப்பு உறவுகளும் சார்புகளும் என்று. வீட்டில் படிக்கும் பிள்ளைகள் பலரும் எழுதுவது தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் தேர்வு. அதன் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்சம் 14 வயது ஆகியிருக்க வேண்டும், கணக்கின் பாட எண் 211, பாடப் புத்தகம் அதன் தளத்திலேயே இலவசம். தேர்வுக்கு ஒரு வருடம் இருக்கும்போது பழைய கட்டைப் பரணில் ஏற்றிவிட்டு அந்தப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து எடுங்கள். காலையில் வாய்க்கணக்கு ஐந்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.