கனடாவில் நூற்றுக்கு அறுபது பேர் பட்டதாரியா?

நேற்றிரவு எங்கள் குடும்ப வட்ஸ்அப்பில் ரொறன்ரோ மச்சான் ஒரு படம் போட்டிருந்தார். கனடாவில் நூற்றுக்கு அறுபது பேருக்கு மேல் பட்டதாரிகளாம், இலங்கை எங்கே கிடக்குது பாருங்கோ என்று. உடனே நாலைந்து அழுகை முகங்கள். "எங்கட நாடு உருப்படாது" என்று பெரியப்பாவின் தீர்ப்பு.

அந்த அறுபது பொய்யில்லை. பணக்கார நாடுகளின் அமைப்பான ஓ.ஈ.சி.டி. வருடாவருடம் போடுகிற கணக்கு, 25 முதல் 64 வயதானவர்களுக்கு. ஆனால் அது பட்டம் பெற்றவர்களை மட்டும் எண்ணுவதில்லை. இரண்டு வருட கொலிஜ் டிப்ளோமாவும் அதற்குள் வரும், கனடாவில் அப்படிப் படித்தவர்கள் ஏராளம். மச்சாள் அங்கே போய்ப் படித்ததும் அதைத்தான். அவ அந்த அறுபதுக்குள். வெள்ளவத்தையில் இருக்கிற என் தங்கையும் கணக்கியலில் எச்.என்.டி. என்கிற உயர் டிப்ளோமா முடித்தவள், அவளை இங்கே யாராவது பட்டதாரி என்பார்களா?

யுனெஸ்கோ இதற்காகவே கல்வித் தகைமைகளுக்கு 0 முதல் 8 வரை படிகள் வைத்திருக்கிறது. அதன்படி ஜெர்மனியில் 'மைஸ்டர்' என்கிற கைத்தொழில் வல்லுநர் பரீட்சை எடுத்த ஒரு பேக்கரிக்காரர் இருப்பது 6ஆம் படியில், அதாவது இளமாணிப் பட்டம் எடுத்தவரோடு ஒரே படியில். எங்கள் ஆட்களிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

'ஸ்கூல் லீவர்', அதாவது பள்ளிக்கூடம் விட்டவர்கள், கதையும் இப்படித்தான். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு முடித்து வெளியேறிய பிள்ளை என்று அர்த்தம், இங்கே இடைவிலகல் என்றுதான் காதில் விழும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கோடு கீறினால் என்ன வரும்? கொழும்பில் எடெக்செல் என்கிற லண்டன் பரீட்சை எடுக்கிற பிள்ளைகளோ பரீட்சைத் திணைக்களத்தின் உயர்தரப் பெறுபேற்றில் வரவே மாட்டார்கள். அதே பெறுபேற்றில் இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை எழுதியவர்களும் கலந்திருப்பார்கள். எந்த வருடத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் உயர்தரம் பாஸ் என்று இதை வைத்து எப்படிச் சொல்வது?

இதற்காக இங்கே எல்லாம் நல்லா இருக்கு என்று நான் சொல்லவில்லை. பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறுகிறவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குக்குத்தான் அரச கெம்பஸில் இடம். கெம்பஸ் இடத்தைத் தீர்மானிக்கிற இசட் புள்ளி வந்த அன்று எங்கள் ஒழுங்கையில் எத்தனை வீட்டில் சாப்பாடு இறங்கவில்லை என்று எனக்குத் தெரியும். கோபப்படுவதென்றால் அதற்குப் படுங்கள், அதற்குக் கனடாவின் கொலிஜ் டிப்ளோமாக்கள் தேவையில்லை.

இவ்வளவையும் மச்சானுக்கு எழுதி அனுப்பினேன். "சரி சரி, நீ சீமா கணக்கியல் சோதனை முடிச்சிட்டியா?" என்று பதில் வந்திருக்கு.