மூச்சுப் போதாதது பிள்ளைக்கா, கருவிக்கா?

பள்ளிக்கூட பாண்ட் குழுவுக்குப் பிள்ளைகளைச் சேர்க்கும் நாளில் நம்ம பக்கம் பெரும்பாலும் ஒரே கதைதான். பெண்பிள்ளைகளுக்கு மெலோடிக்கா, ரெக்கோடர். ஆண்பிள்ளைகளுக்கு ட்ரம்பெட், ட்ரம். ஒரு பெண்பிள்ளை சாக்சபோனைக் கேட்டால், "பொம்புளப் புள்ளைக்கு அதை ஊத மூச்சுப் போதாதுகா" என்று சொல்லிவிட்டு, கையில் புல்லாங்குழலைக் கொடுப்பார்கள்.

காற்றுக் கணக்கு தெரிந்தவருக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வரும். புல்லாங்குழலில் உதட்டுக்கு எதிராக எதுவும் இல்லை. ஊதும் காற்று துளையின் விளிம்பில் மோதிப் பிரிய, ஒரு பகுதி வெளியே சிதறிப்போகும். சாக்சபோனில் வாய்க்கும் குழாய்க்கும் நடுவே ரீட் என்ற மெல்லிய நாணல் தகடு நிற்கிறது. அதன் எதிர்ப்பினால் காற்று மெதுவாகத்தான் செலவாகும். ஒரே மூச்சில் புல்லாங்குழலைவிட ஆல்டோ (நடுத்தர அளவு) சாக்சபோனில் நீண்ட சுரம் பிடிக்கலாம். மூச்சுத்தான் காரணமென்றால், மறுத்த சாக்சபோனைவிடக் கூடுதலாகக் காற்றுக் கேட்கும் கருவியை ஏன் அந்தப் பிள்ளையிடம் கொடுக்கிறீர்கள்? பாரம் என்றும் சொல்ல முடியாது. ஆல்டோவின் எடை ஏறக்குறைய 2.5 கிலோ. ஆறாம் ஆண்டுப் பிள்ளையின் புத்தகப் பை அதைவிடப் பாரம்.

ஆனாலும் முதல் நாள் அந்தப் பிள்ளை ஊதும்போது காற்றுச் சத்தம்தானே வருகிறது என்பார்கள். வரும். காரணம் வேறு.

முதலில் ரீட்டைப் பாருங்கள். பெரியவர் ஒருவர் ஊதிவிட்டு வைத்த 3ஆம் இலக்க ரீட்டைப் பிள்ளையிடம் கொடுத்தால் அது அசையவே அசையாது. தொடக்கத்துக்கு 1.5 அல்லது 2 போதும். காய்ந்த ரீட்டும் பேசாது. ஓரிரு நிமிடம் வாயிலோ தண்ணீரிலோ நனைக்க வேண்டும். ரீட்டின் நுனி மவுத்பீஸ் (வாயில் வைத்து ஊதும் பகுதி) நுனியோடு சமமாக இருக்க வேண்டும், மயிரிழை கீழே இருந்தாலும் பரவாயில்லை. நுனியில் சின்ன வெடிப்பு இருந்தால் தூக்கி எறியுங்கள். பிறகு கழுத்துப் பட்டி. உயரமான பையனுக்குச் சரிசெய்ததை அப்படியே மாட்டிவிட்டால், பிள்ளை தலையைக் குனிந்து தொண்டையை மடித்துக்கொண்டு ஊதும். மவுத்பீஸ்தான் வாயைத் தேடி வர வேண்டும், தலை இறங்கக் கூடாது.

எல்லாவற்றையும்விடப் பெரிய வில்லன் கருவியேதான். கல்லடி, காரைதீவு, கல்முனை என்று நம்ம கிழக்கிலங்கை ஊரெல்லாம் கடற்கரை. உப்புக் காற்றில் விசைகளின் ஊசி ஸ்பிரிங் துருப்பிடிக்கும், துளைகளை மூடும் தோல் பேட் ஈரத்தில் உப்பி ஒட்டிக்கொள்ளும். ஜி ஷார்ப் பேட்தான் முதலில் ஒட்டும். மேலே ஒரு பேட் கசிந்தால் அதற்குக் கீழேயுள்ள சுரமெல்லாம் கெடும். கீழ் டி, கீழ் சி ஊதினால் மேல் ஸ்தாயிக்குத் தாவும், அல்லது கொப்பளிக்கும். கழுத்துக் குழாயை முறுக்கி மாட்டியதில் ஸ்தாயி மாற்றும் ஒக்டேவ் கம்பி வளைந்திருந்தாலும் இதே தாவல்தான். அனுபவப்பட்டவர் அழுத்திப் பிடித்துச் சமாளிப்பார். புதுப் பிள்ளையால் முடியாது. உடனே தீர்ப்பு: மூச்சுப் போதாது. இருட்டறையில் சின்ன எல்இடி விளக்கை உள்ளே இறக்கி, விசைகளை மெதுவாக அழுத்திப் பாருங்கள். பேட் ஓரத்தில் வெளிச்சம் தெரிந்தால் குற்றவாளி அங்கே இருக்கிறார்.

பிள்ளையைச் சோதிப்பதென்றால் முழுக் கருவி தேவையில்லை. மவுத்பீஸையும் கழுத்துக் குழாயையும் மட்டும் கொடுங்கள். மேற்பற்கள் மவுத்பீஸின் மேல் பதிய, கீழுதடு கீழ்ப்பற்களின் மேல் இலேசாக மடிய, கன்னம் ஊதாமல் ஒரு சுரம். ஆல்டோவில் அது ஏ பிளாட்டுக்குக் கிட்ட வந்து ஆடாமல் நின்றால் போதும். ஆணா பெண்ணா என்று அந்தக் குழாய்க்குத் தெரியாது.

"முகம் கோணும்" என்பது அடுத்த சாட்டு. சாக்சபோனில் கன்னம் உப்பினால் அதுவே பிழை, சரியாக ஊதுகிறவரின் முகம் அமைதியாகத்தான் இருக்கும். சரி, கன்னம் உப்பட்டுமே, அதனால் என்ன? நாதஸ்வரத்தையே மதுரை பொன்னுத்தாய் மேடையேறி வாசித்தார். 2020ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்ற நாதஸ்வரத் தம்பதியில் காலீஷாபி மகபூப் ஒரு பெண். கதிரி கோபால்நாத் சாக்சபோனைக் கர்நாடக மேடைக்குக் கொண்டுவந்தார், அவரிடம் கற்ற லாவண்யா, சுப்புலட்சுமி சகோதரிகள் அதே கருவியோடு கச்சேரி செய்கிறார்கள்.

மேற்கில் மட்டும் நிலைமை வேறா என்ன. பொஸ்டன் நகரத்து எலிஸ் ஹோல் சாக்சபோன் பழகி, தன் கருவிக்காக எழுதும்படி பிரெஞ்சு இசையமைப்பாளர் தெபூசியிடம் காசு கொடுத்தார். தெபூசி வாங்கிக்கொண்டு, கடிதங்களில் அந்த அம்மாவைக் கிண்டலடித்தபடியே இழுத்தடித்தார். தெபூசி இறந்த பிறகு, 1919இல்தான் வேறொருவர் முடித்துக் கொடுத்த வடிவம் மேடையேறியது. 1978இல் அமெரிக்காவில் ஏபிலஸ், போர்ட்டர் என்ற ஆய்வாளர் இருவரும் கருவிகளை ஆண்மை, பெண்மை என்று வரிசைப்படுத்தச் சொல்லிப் பார்த்தார்கள். புல்லாங்குழல், வயலின், கிளாரினெட் ஒரு முனையில். ட்ரம், ட்ரொம்போன், ட்ரம்பெட் மறுமுனையில். சாக்சபோன் ஏறக்குறைய நடுவில். தெலோனியஸ் மங்க் சர்வதேச ஜாஸ் போட்டியில் ஒரு பெண் வாத்தியக் கலைஞர் முதலிடம் பெற 2013 வரை ஆனது. சிலி நாட்டின் மெலிசா அல்டானா, டெனர் சாக்சபோன்.

காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் சிலப்பதிகாரத்தை வைத்து யாழ் நூல் எழுதினார், 1947இல் வெளிவந்தது. அந்தக் காவியத்தின் கானல்வரியில் கோவலன் வாசித்த அதே யாழை வாங்கி மாதவியும் வாசிக்கிறாள். அடிகளாரின் பெயரில் கல்லடியில் அழகியல் நிறுவகம் இருக்கும் ஊரில் நின்றுகொண்டு நாம் பொம்புளை வாத்தியம், ஆம்புளை வாத்தியம் என்று கதைக்கிறோம்.

கர்நாடக முறையில் பழக்குகிற ரீச்சர், சேர்மாருக்கு ஒன்று. ஆல்டோவில் சி விரலமைப்பை ஸட்ஜமாக (ஸ) வைத்தால் வருவது 2.5 கட்டை (ஆதார சுருதியின் அளவு). 5.5 கட்டையில் பாடிப் பழகிய பெண்பிள்ளைக்கு அது காதில் ஒட்டாது, சுரம் தேடித் தடுமாறும், அதையும் பிள்ளையின் குறையாக எழுதிவிடுவோம். எஃப் விரலமைப்பை ஸட்ஜமாக்குங்கள், 5.5 கிடைக்கும். கீழே மந்தர மத்யமம் வரை இறங்கலாம், மேலே இரண்டு ஸ்தாயி முழுதாக ஏறலாம். 5 கட்டைக்காரிக்கு ஈ விரலமைப்பு. மாயாமாளவகௌளையை அதிலேயே தொடங்குங்கள். இதைச் செய்யாமல் "புள்ள சுருதி சேர மாட்டேங்குது" என்பது கொஞ்சம் அநியாயம்.

தோள் பட்டி வாங்கினால் மார்புக்குக் குறுக்கே இறுக்கும் வகையைத் தவிர்த்து, பாரம் இரு தோளிலும் இறங்கும் வகையைப் பாருங்கள். சேலையில் வாசிக்கிறவர் முந்தானையை இடுப்பில் செருகி, இடத்தோளில் இரண்டு ஊசி கூடுதலாகக் குத்திக்கொள்வது நல்லது, தொங்கும் துணி வலப்பக்கத்துக் கீழ் விசைகளில் மாட்டும். மவுத்பீஸும் ரீட்டும் ஆளுக்கு ஒன்று. வாசித்து முடிந்ததும் ரீட்டைக் கழற்றித் துடைத்து, குழாய்க்குள் துணி இழுத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த மாரிக்குள் ஜி ஷார்ப் மறுபடி ஒட்டும்.