பூட்டிய பிறகு வரும் அறிவிப்பு
எங்கள் குடியிருப்பின் பின்புறத்திலிருந்து வயல்வெளிக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதையை அடைக்கப்போகிறார்கள் என்ற செய்தி, அங்குள்ள இரும்புக் கதவில் பூட்டுத் தொங்கிய பிறகுதான் குடியிருப்போர் செய்திமடலில் வெளிவந்தது. அதுவும் விளையாட்டுப் போட்டி முடிவுகளுக்கும் வாகன நிறுத்த விதிகளுக்கும் இடையே, பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய எழுத்தில்! (சந்தா பாக்கி குறித்த நினைவூட்டல் மட்டும் ஒருபோதும் தாமதமானதில்லை.) ஆட்சேபம் தெரிவிப்பதற்கான கடைசி நாளோ, மடல் கைக்கு வருமுன்பே கடந்துவிட்டிருந்தது. கதவில் ஒட்டிய தாளும் மழையில் மை கரைந்து வெளிறிக் கிடக்கிறது. எப்போது திறப்பீர்கள் என்று கேட்டால், பொறுப்பாளர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நடப்பவர் இல்லாத பாதையில் முள்ளும் புதரும் மண்டத்தானே செய்யும். இப்போது அந்தப் புதரையே சாட்சியாகக் காட்டி, இவ்வழியை யாரும் பயன்படுத்துவதில்லை என்று கூட்டத்தில் தீர்மானம் போடப் பார்க்கிறார்கள்.