தட்டு வேறு, உடம்பு வேறு

நேற்றைய கிராம்பு எண்ணெய்ப் பஞ்சாயத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "இதில் ரசாயனமே இல்லை, ஆன்டிபயாடிக்கைத் தூக்கிப் போடுங்கள்" என்று எழுதியிருந்தவருக்கு நான் போட்ட பதில் ஒரே வரி: அந்த எண்ணெயில் 70 முதல் 90 சதவீதம் யூஜினால், அதுவும் ரசாயனம்தான். இரவுக்குள் நான் மருந்து கம்பெனிகளின் கைக்கூலி ஆகிவிட்டேன். கூலி மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

ரசாயனம் என்றாலே விஷம் என்று யார் சொன்னது? ஓமத்தின் காரம் தைமால். எலுமிச்சைப்புல்லின் மணம் சிட்ரால். ஊட்டிக்குப் போனால் வாங்கி வருகிறோமே யூகலிப்டஸ் தைலம், அதில் பெரும்பகுதி சினியோல். பூச்சியையும் பூஞ்சையையும் விரட்டச் செடி தனக்காகக் காய்ச்சிக்கொள்ளும் சரக்கு இதெல்லாம்.

கிருமியைக் கொல்லுமா? கொல்லும். முதுகலை படித்தபோது, ஈ.கோலை என்ற பாக்டீரியாவைப் பரப்பிய அகார் தட்டில், அதாவது ஆய்வகத்தில் கிருமி வளர்க்கும் தட்டில், கிராம்பு எண்ணெய் தோய்த்த காகித வில்லையை வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் வில்லையைச் சுற்றித் தெளிந்த வளையம், உள்ளே ஒரு புள்ளிகூட வளரவில்லை. யூஜினால் பாக்டீரியாவின் சவ்வைக் குலைத்துவிடும், உள்ளிருக்கும் பொட்டாசியம் வெளியே கசிந்துவிடும். அந்தத் தட்டை ஆய்வகம் முழுக்கக் காட்டித் திரிந்தவன் நான். அடுத்த தட்டில் சூடோமோனாஸ் என்ற வேறொரு பாக்டீரியா. வளையம் பெயருக்குத்தான் இருந்தது.

தட்டு வேறு, உடம்பு வேறு. ரத்தத்தில் அந்த அளவு சேர எவ்வளவு குடிப்பீர்கள்? கிருமிக்கு முன்னால் கல்லீரல் போய்விடும்.

"பாட்டி பயன்படுத்தவில்லையா?" பயன்படுத்தினார். என் அம்மாவும்தான். பல்வலிக்குப் பஞ்சில் நனைத்து வைத்தார். வலி மரத்தது, ஈறு வெள்ளையாக வெந்தது, இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பல் மருத்துவரும் யூஜினாலைத்தான் துத்தநாக ஆக்சைடோடு குழைத்து அடைக்கிறார். அளவு தெரிந்து அடைக்கிறார்.

"ஆங்கில மருந்தில் பக்கவிளைவு இல்லையா?" இருக்கிறது. நேற்று பேச்சு அதைப் பற்றியா நடந்தது? தட்டு வேறு, உடம்பு வேறு என்பதைத்தானே தொண்டை கிழியச் சொல்கிறேன்!

முகம் தெரியாதவர்கள் திட்டியதுகூடப் போகட்டும். "பாட்டியையே அவமதித்துவிட்டான்" என்று எழுதியது என் சொந்த அத்தை மகன். போன மார்கழியில் கைக்குழந்தைக்குச் சளி என்று யூகலிப்டஸ் தைலத்தை மூக்கடியில் தடவப் போனவன் அவன். வயிற்றுக்குள் போனால் வலிப்புவரை கொண்டுபோய் விடும் என்று இரவு பதினொரு மணிக்குப் போனில் கத்தித் தடுத்தேன். "நல்லவேளை சொன்னாய் மச்சான்" என்றான்.

நேற்று என்னைக் கைக்கூலி என்ற வரிக்குக் கீழே சிரிப்புப் பொம்மை போட்டிருக்கிறான். மூன்று.