கடைசியில் வாங்க வேண்டியது வால்வு

போன வாரம் பென்னாகரத்திலிருந்து ஒரு தம்பி போன் செய்தார். வால்வு, அதாவது ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய், வைத்த ஆம்ப்ளிஃபயர் வாங்கி ஆறு மாதம் ஆகிறதாம், சத்தம் மனசுக்கு ஒட்டவில்லையாம். அதில் இருக்கும் ரஷ்ய வால்வைக் கழற்றிவிட்டு, அந்தக் காலத்தில் பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) கம்பெனி செய்த வால்வு ஒரு ஜோடி போட்டால் சரியாகிவிடுமா, எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நான் திருப்பிக் கேட்டேன், "ராத்திரி பத்து மணிக்கு உங்க வீட்ல வோல்டேஜ் எவ்ளோ தம்பி?" தெரியவில்லை. "ஸ்பீக்கர் எத்தனை டிபி?" (டெசிபெல், சத்தத்தின் அளவு.) அதுவும் தெரியவில்லை. "ரூம் என்ன அளவு?" "பத்துக்குப் பத்துண்ணா." அப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம், அதில் வால்வைப் பற்றிப் பேசியது ஐந்து நிமிஷம்கூட இருக்காது. இதே கேள்வியோடு நிறையப் பேர் வருவதால் அந்த ஒரு மணி நேரத்தை இங்கே இறக்கி வைக்கிறேன்.

அவரைக் குறை சொல்லவில்லை. எட்டு வருஷத்துக்கு முன்னால் நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். ஆன்லைனில் ஒரு சின்ன ஆம்ப், இடது வலது பக்கத்துக்கு ஒன்றாக ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வு, அவற்றுக்கு முன்னால் ஒரு இசிசி83 வால்வு. விளக்கை அணைத்துவிட்டு அந்த ஆரஞ்சு வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே நாகசுரம் கேட்ட முதல் ராத்திரி தூக்கமே வரவில்லை. நான்கு மாதத்தில் ஒரு பக்கம் கரகரக்க ஆரம்பித்தது. விற்றவரைக் கேட்டால் வால்வு தரம் சரியில்லை, விலை கூடிய ஜோடி போடுங்கள் என்றார். போட்டேன். அதுவும் ஏழே மாதம். மூன்றாவது ஜோடி போட்ட பிறகுதான், ஒரு நாள் ராத்திரி தற்செயலாக உற்றுப் பார்த்தபோது, வால்வுக்குள் இருக்கும் பிளேட் என்னும் தகடு லேசாகச் சிவந்திருப்பது தெரிந்தது. சிவக்கக் கூடாத இடம் அது.

எங்கள் வீடு காரிமங்கலத்துக்கு அந்தப் பக்கம், தோட்டத்துக்கு நடுவில். மும்முனை மின்சாரம் வந்துவிட்டால் சுற்றிலும் இருக்கிற போர் மோட்டார் எல்லாம் ஒரே நேரத்தில் இழுக்கும், என் மீட்டர் 185 காட்டும். மோட்டார் எல்லாம் நின்ற பிறகு அதே பிளக்கில் 255. ஆம்புக்குப் பின்னால் பார்த்தால் 220 வோல்ட் என்று அச்சடித்திருக்கிறது. நம் ஊர்க் கணக்கு 230 என்பதே அதற்குத் தெரியாது, 255-ஐ எங்கே கண்டது? கணக்குப் போட்டுப் பாருங்கள். வால்வை உள்ளிருந்து சூடாக்கும் ஹீட்டர் கம்பிக்கு 6.3 வோல்ட் போக வேண்டும், பத்து சதவீதம் முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை. எனக்கு 7.3 போய்க்கொண்டிருந்தது. இன்னொன்றும் இருக்கிறது. இஎல்84 தாங்குவது 12 வாட் சூடு. 250 வோல்ட்டில் 48 மில்லி ஆம்பியர் ஓடினாலே அந்த 12 வந்துவிடும், பாடப் புத்தகத்தில் போட்டிருக்கும் சர்க்யூட்டே அதைக் கரையோரம்தான் ஓட்டுகிறது. அதற்கு மேல் வீட்டு வோல்டேஜும் ஏறினால்? நான் சங்கீதம் கேட்ட நேரமெல்லாம் ராத்திரி. அதாவது வோல்டேஜ் உச்சத்தில் நிற்கிற நேரம்.

ஒரு சர்வோ ஸ்டெபிலைசர் வாங்கி வைத்தேன், வோல்டேஜைப் படிப்படியாகத் தாவாமல் சீராக நகர்த்தும் வகை. ஃபிரிட்ஜுக்கு வைக்கும் ரிலே வகை வேண்டாம், ஒவ்வொரு தரமும் டக் டக்கென்று படி மாறும்போது ஸ்பீக்கரில் கேட்கும். அந்த மூன்றாவது ஜோடிதான் இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. விலை கூடிய வால்வும் இல்லை அது.

அடுத்தது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர். வால்வு ஆம்பின் உயிர் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், வால்வை அல்ல. வால்வு ஸ்பீக்கரோடு நேராகப் பேச முடியாது. அது கேட்பது 5000 ஓம், ஸ்பீக்கர் இருப்பது 8 ஓம். நடுவில் நிற்கும் இந்த இரும்புக் கட்டிதான் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. 5000-ஐ 8-ஆல் வகுத்தால் 625, அதன் வர்க்க மூலம் 25, ஆக அந்தப் பக்கம் 3000 சுற்று என்றால் இந்தப் பக்கம் 120. கேட்க எளிது. ஆனால் ஒற்றை வால்வு ஆம்பில் டிசி, அதாவது ஒரே திசையில் ஓடும் கரண்ட், எப்போதும் இதன் வழியாக ஓடுவதால் கோரில், அதாவது நடு இரும்பில், ஒரு மெல்லிய இடைவெளி விட வேண்டும், இல்லாவிட்டால் இரும்பு காந்தத்தில் நிறைந்து போய் பேஸ் செத்துவிடும். இடைவெளி விட்டால் பேஸைத் தாங்கும் இண்டக்டன்ஸ் குறையும், அதை ஈடுகட்ட கோர் பெரிதாக வேண்டும். விலை குறைந்த ஆம்பில் முதலில் கை வைப்பது இந்த இரும்பில்தான், வெளியே தெரியாது அல்லவா.

நான் என்னுடையதைப் பாலக்கோட்டில் மோட்டார் காயில் கட்டும் அண்ணன் ஒருவரிடம் கட்டினேன். வாழ்நாள் முழுக்க நீர்மூழ்கி மோட்டார் கட்டியவர். பிரைமரியை (வால்வுப் பக்கச் சுற்று) நாலாகப் பிரித்து நடுநடுவே செகண்டரியை (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) அடுக்க வேண்டும், அப்போதுதான் மேல் ஸ்தாயி மழுங்காது என்று படம் போட்டுக் கொடுத்தேன். "என்னா சாரு, இட்லித் தட்டு அடுக்கற மாதிரி சொல்றீங்க" என்று சிரித்தார். ஒன்று கெட்டது, இரண்டாவது பரவாயில்லை, மூன்றாவதும் நான்காவதும் இப்போது என் ஆம்பில் இருக்கின்றன. முதல் நாள் மாட்டிக் கேட்டபோது தவிலின் வலந்தலையும் தொப்பியும் தனித்தனியாக நின்றன. எத்தனை வால்வு மாற்றியும் கிடைக்காத மாற்றம் அது. (ஸ்பீக்கரை மாட்டாமல் வால்வு ஆம்பை ஓட்டிப் பார்க்காதீர்கள், போகிற முதல் பொருள் இந்த ட்ரான்ஸ்ஃபார்மர்தான்.)

ஸ்பீக்கர். இங்கேதான் பென்னாகரம் தம்பி சிக்கியிருந்தார். அவருடையது 84 டிபி ரகம் என்று அப்புறம் தேடிப் பார்த்துச் சொன்னார். ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டரில் அளந்தால் வரும் சத்தம் அது. அவர் ஆம்ப் 5 வாட், அதில் 7 டிபி ஏறும், ஆக 91-இல் மூச்சு வாங்கும். அதே 5 வாட்டை 94 டிபி ஸ்பீக்கருக்குக் கொடுத்தால் 101. அந்த 101-ஐ அவருடைய ஸ்பீக்கரில் எடுக்க 50 வாட் வேண்டும்! திருவிழாவுக்குப் புளியமரத்தில் கட்டும் கூம்பைப் பாருங்கள், சில வாட்டுக்கே அடுத்த ஊர் வரை கேட்கும். வாட் பெரிதா சின்னதா என்பதை ஸ்பீக்கர்தான் முடிவு செய்கிறது. இன்னொரு சங்கதி, 8 ஓம் என்று எழுதிய ஸ்பீக்கர் எல்லா ஸ்வரத்துக்கும் 8 ஓமாக இருப்பதில்லை, ஒரு இடத்தில் 6, பேஸ் பக்கம் ஒரு இடத்தில் 30, 40 கூட ஏறும். வால்வு ஆம்ப் அந்த ஏற்ற இறக்கத்துக்கெல்லாம் வளைந்து கொடுக்கும். ஒரே ஆம்ப் ஒருவர் வீட்டில் தேனாகவும் இன்னொருவர் வீட்டில் கொழகொழவென்றும் கேட்பது பாதி இதனால்தான்.

ஸ்பீக்கர் பெட்டி நானே அடித்தேன். நம் பக்கம் மாமரப் பலகை மலிவு என்று அதில் அடித்து வண்டு அரித்தது தனிக்கதை. 18 மில்லி பிளைவுட் போடுங்கள். கேபிளுக்கு ஒரு வரி போதும்: நல்ல செம்பு, போதுமான தடிமன், இறுக்கமான முனை.

அறைக்கு வருவோம். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி என்றால் மூன்று திசையிலும் ஒரே 56 ஹெர்ட்ஸ் வாக்கில் பேஸ் தேங்கும். ஒரு குறிப்பிட்ட பேஸ் ஸ்வரம் வரும்போது மட்டும் ஜன்னல் அதிர்கிறதா, அதுதான். சுவரில் ஜமக்காளம் தொங்கவிடுவது மேல் ஸ்தாயியைத்தான் குடிக்கும், பேஸுக்குக் கனம் வேண்டும், இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி மூலைக்கு ஒன்று நிறுத்தினால் கொஞ்சம் அடங்கும். நான் புதுசாகக் கட்டிய கான்கிரீட் அறையில் ஒரு வருஷம் மல்லுக்கட்டிவிட்டு எல்லாவற்றையும் தூக்கி அப்பா கட்டிய ஓட்டு வீட்டுப் பகுதிக்குக் கொண்டுபோனேன். சாய்ந்த கூரை, நீளமான கூடம், பேஸ் ஓட்டு வழியாகவே வெளியேறிவிடுகிறது. மழை வந்தால் நிறுத்திவிட வேண்டியதுதான். அணில் தொல்லை வேறு.

இரைச்சலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் உயிர் போகும். "உம்ம்" என்று அடியில் ஓடினால் 50 ஹெர்ட்ஸ், ஹீட்டர் வயர் அல்லது எர்த் வளையம் (எர்த் இரண்டு வழியில் சேர்ந்து உண்டாகும் சுற்று). கொஞ்சம் மேலே முரட்டுத்தனமாக இருந்தால் 100, டிசியைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சரைப் பாருங்கள். இரைச்சல் போகிறது என்பதற்காகப் பிளக்கில் எர்த் பின்னை ஒடித்துவிடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். உள்ளே 300 வோல்ட் டிசி ஓடும் தகரப் பெட்டி அது! நம் மண்ணோ அடியில் பாறை, கோடையில் காய்ந்து கிடக்கும், எர்த் குழிக்கு உப்பும் கரியும் போட்டுத் தண்ணீர் ஊற்றி வைத்தால் பாதி பயம் போகும், இரைச்சலும் குறையலாம். தர்மபுரியில் எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த பழைய ரேடியோ மெக்கானிக் ஐயா அடிக்கடி சொல்வார், "உள்ள கைய வக்கறப்ப ஒரு கை பாக்கெட்ல இருக்கணும் தம்பி." சுவிட்சை அணைத்த பிறகும் கண்டென்சரில் அந்த 300 அப்படியே நிற்கும், அதை இறக்காமல் தொடாதீர்கள்.

சரி, வால்வு மாற்றினால் வித்தியாசமே இல்லையா என்றால், உண்டு. என்னிடமும் இரண்டு ஜோடி பெல் வால்வு பீரோவில் இருக்கிறது, பண்டிகைக்கு எடுத்துப் போடுவேன். ஆனால் அது சாப்பாட்டில் ஊறுகாய் அளவு வித்தியாசம். இனிமை என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு அந்த ஒற்றை வால்வு தானாகச் சேர்க்கும் இரண்டாம் ஹார்மானிக், அதாவது மேல் ஸ்தாயியில் அதே ஸ்வரம், காதுக்கு உறுத்தாத ஒரு கலப்படம். எனக்கு அது பிடிக்கிறது. அதற்காக அதுதான் உண்மையான ஒலி என்று சண்டை போட மாட்டேன். பங்குனியில் எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடக்கும்போது முகவீணையைப் பத்தடி தூரத்தில் உட்கார்ந்து கேட்கிறேன், அந்தக் கூர்மை என் ஆம்பில் வருவதில்லை, கொஞ்சம் மழுக்கித்தான் தருகிறது. ட்ரான்சிஸ்டர் ஆம்ப் அந்த ஒரு விஷயத்தில் ஜெயிக்கும்.

பென்னாகரம் தம்பி இப்போதைக்கு ஒரு மல்டிமீட்டர் வாங்கியிருக்கிறார். நேற்று ராத்திரி 248 என்று அனுப்பினார், கூடவே ஒரு கண்ணீர் முகம்.

அப்புறம் ஒரு கோரிக்கை. பாலக்கோடு, பாப்பாரப்பட்டி, காவேரிப்பட்டணம் பக்கம் யார் வீட்டிலாவது பழைய வால்வு ரேடியோ பரணில் கிடந்து, எடைக்குப் போடலாம் என்று இருந்தால், தயவுசெய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள். வால்வை நீங்களே வைத்துக்கொள்ளலாம். எனக்கு அந்த ட்ரான்ஸ்ஃபார்மர் போதும்.