பந்தை விடுங்கள், கடைசி வரிசையைப் பாருங்கள்

கத்தார் உலகக் கோப்பையில் சவூதி அரேபியா 2-1 என்று அர்ஜென்டினாவைச் சாய்த்த ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. சவூதி அடித்தது மொத்தமே மூன்று ஷாட், அதில் இரண்டு கோல். அதனால் அதிர்ஷ்டமாம்!

2022 நவம்பர் 22 அன்று மதியம் நேரலையில் பார்த்தபோது நானும் அப்படித்தான் நினைத்தேன். போன வாரம் முழு ஆட்டத்தையும் மறுபடி பார்த்தேன். இந்த முறை பந்தை விட்டுவிட்டு, சவூதி டிஃபெண்டர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தேன்.

10ஆவது நிமிடத்திலேயே மெஸ்ஸி பெனால்டியில் கோல் போட்டுவிட்டார். வேறு எந்த அணியாக இருந்தாலும் பின்வாங்கித் தன் கோலுக்கு முன்னுள்ள பெட்டிக்குள் பதுங்கியிருக்கும். சவூதி பதுங்கவில்லை. பந்து அர்ஜென்டினாவின் காலில் இருக்கும்போதே கடைசி வரிசை நடுக்கோட்டை நோக்கி ஏறி நிற்கிறது. முதுகுக்குப் பின்னால் பெரிய வெட்டவெளி. ஒருவர் ஒரு அடி பிந்தினாலும் கதை முடிந்தது. ஆனால் கயிறு கட்டி இழுத்ததுபோல எல்லோரும் சேர்ந்தே ஏறுகிறார்கள்.

சக வீரர் பாஸ் கொடுக்கும் கணத்தில் எதிரணிப் பாதியில் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்பவர் கோல் போட்டால் செல்லாது; அதுதான் ஆஃப்சைடு. முதல் பாதியிலேயே மூன்று அர்ஜென்டினா கோல்கள் ஆஃப்சைடு: மெஸ்ஸியுடையது ஒன்று, லௌதாரோ மார்ட்டினெஸுடையவை இரண்டு. 27ஆவது நிமிடத்தில் லௌதாரோ கோல்கீப்பர் தலைக்கு மேல் அழகாகத் தூக்கிப் போட்டுவிட்டுக் கொண்டாடவே ஓடிவிட்டார். தோள்பட்டை மட்டும் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி இருந்தது! அதில் கொஞ்சம் அதிர்ஷ்டம் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே ஆட்டத்தில் பத்து முறை ஆஃப்சைடில் சிக்கியதை எப்படி அதிர்ஷ்டம் என்பது?

இந்த உத்தியில் ஒரு ஓட்டையும் உண்டு. பந்தை வைத்திருப்பவருக்கு நெருக்கடி கொடுக்காவிட்டால், அவர் நிதானமாக நிமிர்ந்து பார்த்துப் பாஸ் கொடுத்துவிடுவார். இடைவேளையில் சவூதி பயிற்சியாளர் ஹெர்வே ரெனார் கொதித்ததே இதற்காகத்தான். மெஸ்ஸி நடுவில் பந்தோடு நிற்கும்போது யாரும் நெருங்கவில்லையே, வேண்டுமானால் போனை எடுத்து அவரோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள் என்று திட்டிய வீடியோ பின்னால் வெளிவந்தது. உடை மாற்றும் அறையின் அந்தச் சில நிமிடங்களை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

அப்புறம் நடந்தது தெரிந்ததுதான். 48ஆவது நிமிடத்தில் நடுக்களத்தில் சவூதி பந்தைப் பறிக்க, அர்ஜென்டினா டிஃபெண்டர் ரோமேரோவைத் தாண்டி ஓடி, சாலே அல் ஷெஹ்ரி இடது காலால் தரையோடு அடித்தார். 53இல் சலேம் அல் தவ்சாரி பெட்டியின் ஓரத்தில் திரும்பி, உள்ளே வெட்டி, தூரத்து மூலையில் வளைத்துப் போட்டார். 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினாவின் ஓட்டம் அங்கே நின்றது.

அர்ஜென்டினா எங்கே கோட்டை விட்டது? முதல் பாதி முழுக்க ஒரே வழி: டிஃபெண்டர்களின் தலைக்கு மேல் பந்து, பின்னால் ஓட்டம். முன்வரிசை இறங்கிவந்து பந்தை வாங்கி, பின்னாலிருந்து ஒரு மிட்ஃபீல்டர் ஓடியிருந்தால் அந்தக் கோடு உடைந்திருக்கும்.

அர்ஜென்டினா பயிற்சியாளர் ஸ்கலோனி அதைப் புரிந்துகொண்டார் என்றே நினைக்கிறேன். 59ஆவது நிமிடத்தில் அவர் இறக்கியவர்களில் மிட்ஃபீல்டர் என்ஸோ ஃபெர்னாண்டஸும் முன்வரிசை ஆட்டக்காரர் ஹூலியன் ஆல்வரெஸும் இருந்தார்கள். டிசம்பர் 18 அன்று இறுதி ஆட்டத்தில் அந்த இருவரும் தொடக்கப் பதினொருவரில் இருந்தார்கள்.