கடவுளுக்கு அறிவியல் சாட்சி சொல்ல வேண்டாம்

பிரபஞ்சத்தின் தொடக்கமாக அறிவியல் சொல்லும் பெருவெடிப்பைப் பற்றி மாணிக்கவாசகர் அப்போதே பாடிவிட்டார் என்று ஒரு பதிவு குடும்பக் குழுக்களில் மறுபடி சுற்றிக்கொண்டிருக்கிறது. அவருடைய திருவாசகத்தில் வரும் திருவண்டப்பகுதியின் முதல் வரிகளையும், ஜெனீவாவில் உள்ள செர்ன் என்ற துகள் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் நிற்கும் நடராஜர் சிலையின் படத்தையும் சேர்த்துப் போட்டு, 'நவீன அறிவியலே கடவுளை ஒப்புக்கொண்டது' என்று முடிக்கிறார்கள். அந்தச் சிலை இந்திய அரசு 2004இல் கொடுத்த அன்பளிப்பு. செர்னோடு நம் விஞ்ஞானிகளுக்கு இருந்த நீண்டகால உறவுக்காகக் கொடுத்தது. அதற்கும் அங்கே நடக்கும் ஆய்வின் முடிவுகளுக்கும் சம்பந்தமில்லை.

நான் கடவுளை நம்புகிறவன். திருவாசகம் எனக்கு உயிர். அதனால்தான் இந்தப் பதிவுகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டப்படுகிறது. நூற்றொரு கோடிக்கும் மேலாக விரிந்து கிடக்கும் அண்டங்கள் எல்லாம், வீட்டுக்குள் நுழையும் வெயில் கதிரில் மிதக்கிற தூசு போலச் சிறுத்துப்போகும் அளவுக்கு அவன் பெரியவன் என்கிறது அந்தப் பாட்டு. திகைத்துப்போய் ஒருவர் பாடியது அது. அதைப் போய் இயற்பியல் பாடமாக்குவானேன்? அதைவிடப் பெரிய கவலை, இதை நம்பி வளரும் பிள்ளைகளைப் பற்றியது. கல்லூரியில் யாராவது அந்தப் பதிவு தப்பு என்று காட்டிவிட்டால், பிள்ளை பாட்டையும் சேர்த்தே தூக்கிப் போட்டுவிடும்.

இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிக்கும் ஆள் ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்கப் பாதிரியார். ஈர்ப்பைப் பற்றிய ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கொள்கையை வைத்துப் பிரபஞ்சம் விரிகிறது என்று 1927இல் எழுதியவர். கணக்கு சரி, ஆனால் இயற்பியல் சகிக்கவில்லை என்ற பொருளில் ஐன்ஸ்டைன் அவரிடமே சொன்னார். 1931இல் நேச்சர் இதழில் வந்த ஒரு குறிப்பில், எல்லாம் ஒரே ஓர் ஆதித் துகளிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்றார் லெமைத்ர். இன்று நாம் பெருவெடிப்பு என்று சொல்வதன் விதை அதுதான். அந்தக் குறிப்பின் தட்டச்சுப் படியில் கடைசியாகக் கடவுளைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. அச்சுக்குப் போகும் முன் அவரே அதை அடித்துவிட்டார்.

அப்புறம் 1951 நவம்பரில் போப் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கானின் அறிவியல் கழகத்தில் பேசும்போது, உலகம் படைக்கப்பட்டது என்பதை இன்றைய அறிவியலே உறுதிப்படுத்துகிறது என்ற தொனியில் பேசினார். வேறு எந்தப் பாதிரியாராக இருந்தாலும் அன்று மகிழ்ந்திருப்பார். லெமைத்ருக்குச் சங்கடமாகிவிட்டது. வத்திக்கான் வானாய்வகத்தின் டேனியல் ஓ'கானல் மூலமாகத் தன் கவலையைத் தெரிவித்தார். 1952 செப்டம்பரில் ரோமுக்கு வந்த வானியலாளர்களிடம் பேசிய போப், அந்த வாதத்தை மறுபடி எடுக்கவில்லை.

அன்றைக்குப் பெருவெடிப்பு நிரூபணமாகாத கருதுகோள். பிரபஞ்சத்துக்குத் தொடக்கமே இல்லை என்ற ஆங்கிலேய வானியலாளர் பிரெட் ஹாயிலின் கொள்கையும் பலமாக இருந்தது. பெருவெடிப்பின் மிச்சமாக விண்வெளி எங்கும் பரவியிருக்கும் பின்னணிக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி வெளிவந்ததே 1965இல்தான். ஆனால் லெமைத்ரின் தயக்கத்துக்கு அது மட்டும் காரணமில்லை. தன் கொள்கை சரியென்றே ஆனாலும் அது சமயக் கேள்விக்கு வெளியே நிற்பது, நாத்திகரும் அதைத் தாராளமாக ஏற்கலாம் என்பதுதான் அவர் நிலை.

நம்பிக்கையாளர்கள் கையில் இருப்பதிலேயே வலுவான வாதம் ஹாயில் வழியாக வந்தது என்பேன். நட்சத்திரங்களுக்குள் மூன்று ஹீலியம் கருக்கள் சேர்ந்து கார்பன் உருவாக வேண்டுமானால், கார்பன் கருவில் குறிப்பிட்ட ஓர் ஆற்றல் நிலை இருந்தாக வேண்டும் என்று 1953இல் கணித்தார். அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் சோதித்தார்கள். ஏறத்தாழ 7.65 மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டில் அது இருந்தது! அது இல்லையென்றால் நம் உடம்பில் இருக்கும் கார்பனுக்கு வழியே இருந்திருக்காது. கடவுள் நம்பிக்கை இல்லாத ஹாயிலே பின்னாளில், ஏதோ ஒரு பேரறிவு இயற்பியலில் கைவைத்தது போலிருக்கிறது என்று எழுதினார். இதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்தது, மறைக்கவில்லை. ஆனாலும் சிலிர்ப்பு சான்றாகிவிடாது. இயற்கையின் அந்த அடிப்படை அளவுகள் வேறு மாதிரி இருந்திருக்க முடியுமா என்பதே யாருக்கும் தெரியாதபோது, இவ்வளவு பொருத்தமாக அமைந்தது அதிசயம்தானா என்று எப்படிக் கணக்கிடுவது? எண்ணற்ற பிரபஞ்சங்களில் ஒன்று தற்செயலாக இப்படி அமைந்தது என்று பதில் சொல்பவர்களிடமும் இதுவரை சான்று இல்லை.

1979 இயற்பியல் நோபலைப் பகிர்ந்த மூவரில் அப்துஸ் சலாம் ஆழ்ந்த மதப்பற்றுள்ளவர், விருந்து உரையிலேயே குர்ஆன் வசனத்தைச் சொன்னவர். ஸ்டீவன் வைன்பர்க் கடைசிவரை நாத்திகர். மின்காந்த விசையையும் அணுக்கருவுக்குள் செயல்படும் வலுவற்ற விசையையும் ஒன்றாக இணைத்து, இருவரும் தனித்தனியே வந்து சேர்ந்த கோட்பாடு ஒன்றுதான். அது கணித்த டபிள்யூ, இசட் துகள்கள் 1983இல் செர்னில் கிடைத்தன. சலாமின் தொழுகையும் வைன்பர்க்கின் மறுப்பும் அந்தச் சமன்பாடுகளில் எங்கேயும் இல்லை.

என் நம்பிக்கை வந்த வழி வேறு. வீட்டில் கேட்ட பாட்டு, கோயில் பழக்கம், துக்க நாட்களில் கிடைத்த ஆறுதல் என்று சேர்ந்து வந்தது. நாத்திக நண்பர்களோடு அதைப் பற்றி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசுவேன். அப்போது பெருவெடிப்பை என் பக்கச் சாட்சியாகக் கூப்பிட மாட்டேன். அவர்களும் டார்வினைக் கூப்பிடாமல் பேசினால் நன்றாயிருக்கும்.